கார் லிப்ட் வைக்கப் போகும் கராச்சுக்கு எந்தக் கதவு மோட்டார்?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுக் கராச்சில் நாலு கால் லிப்ட் ஒன்று பூட்டி, அப்பா வைத்திருந்த பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை மேலேயும், தினமும் ஓடுகிற டொயோட்டா அக்குவாவைக் கீழேயும் விடப் போகிறார். கதவுக்கு ரிமோட் மோட்டார் வேணும். கனடாவில் இருக்கிற அண்ணன் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற பெல்ட் மோட்டாரை அனுப்புகிறேன் என்கிறாராம், வாங்கலாமா? சுன்னாகப் பக்கம் சின்னதாக ரிப்பேர் கராச் நடத்துகிற தம்பி ஒருவருக்கு வேறு பிரச்சினை. ரெண்டு கால் லிப்டுக்கு முற்பணம் கட்டிவிட்டார், இருக்கிற பழைய கை றோலருக்கு (கையால் தூக்குகிற சுருள் கதவு) ஒரு மோட்டாரைப் பூட்டினால் போதுமா என்கிறார்.

ரெண்டு பேருக்கும் என்னுடைய முதல் பதில் ஒன்றுதான். மோட்டார் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கதவு முழுக்கத் திறந்த பிறகு எங்கே போய் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். லிப்டுக்குத் தேவையான வெளியைப் பிடித்துக்கொள்வது திறந்து கிடக்கிற கதவுதான், மோட்டார் பிடிக்கிற இடம் மிகச் சின்னது. கதவின் வகையைத் தீர்மானித்துவிட்டால் அதற்குப் பொருந்துகிற மோட்டார் ரெண்டோ மூன்றோதான் மிஞ்சும்.

இங்கே லிப்ட் கேட்கிற ஆட்கள் கூடியதற்கும் காரணம் உண்டு. குழி வெட்டி வேலை செய்யலாம் என்றால் நமக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெட்டுவதே பெரும்பாடு. வெட்டினாலும் ஐப்பசி கார்த்திகையில் கிணற்று நீர் மேலே வரும்போது பல இடங்களில் குழியும் நிறைந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள், அந்த இடைவெளியில் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடப் பழகிவிட்டோம். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலும் ஓடிக் காட்டிய கார்களை விற்க மனம் வராதவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் கார்களை மழையில் விடாமல் வைக்க இடம் தேடுகிறவர்களை நினைத்துத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தெரிவது

முதலாவது உயரம். இதைக் கணக்காகப் போடாமல் எதையும் வாங்காதீர்கள். கோண்டாவில்காரரின் கணக்கைப் பார்ப்போம்: கீழே நிற்கிற அக்குவா ஏறக்குறைய நாலே முக்கால் அடி, அதற்கு மேலே கால் அடி இடைவெளி, லிப்டின் மேடைக்கு அரை அடி, மேலே ஏறுகிற பழைய காருக்கு ஐந்தேகால் அடியில் இருந்து ஐந்தரை அடி. கூட்டினால் 11 அடி. சுன்னாகத் தம்பிக்கு இன்னும் கூட வேணும். ரெண்டு கால் லிப்ட் காரை ஏறக்குறைய 6 அடி தூக்கும், வாகன்ஆர் ஐந்தரை அடி, ஆக பதினொன்றரை. சாதாரண ஹயஸ் வான் ஏறினால் பன்னிரண்டரைக்குப் போகும், உயரக் கூரை ஹயஸ் என்றால் பதின்மூன்றரை.

இரண்டாவது ஆழம், அதாவது கதவில் இருந்து பின்சுவர் வரை. மூன்றாவது, வாசலின் ரெண்டு பக்கமும் எத்தனை அங்குலம் சுவர் இருக்கிறது என்பது. அப்புறம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம், கையால் திறக்க வழியில்லாத கதவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றும் சோளக (தென்மேற்குக் காற்று) காலப் புழுதியும் அடுத்தது. பருத்தித்துறை, காரைநகர், குருநகர் போன்ற கரையோர இடங்களில் இதுவே முதலாவதாக வரவேண்டியது. கடைசியாக, பழுதானால் திருத்த ஆள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறாரா, கொழும்பில் இருந்து வரவேணுமா என்பது.

## சீலிங்கில் ரெயில் ஓடும் மோட்டார்

கனடா அண்ணன் சொல்வது இதைத்தான். கதவு நாலைந்து பலகையாக இருக்கும், ரெண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறி வளைந்து சீலிங்குக்குக் கீழே படுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ரெயில், அதில் செயினோ பெல்ட்டோ கதவை இழுக்கும். பெல்ட் என்றால் சத்தம் குறைவு, செயின் என்றால் விலை குறைவு. மேல் வீட்டில் படுக்கையறை இருந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

லிப்ட் இல்லாத வீட்டுக்கு நல்ல சாமான். லிப்ட் வைக்கிற வீட்டுக்கு, என் கருத்தில், பொருந்தவே பொருந்தாது. வாசல் 8 அடி உயரம் என்றால் படுத்திருக்கிற கதவு தரையில் இருந்து எட்டரை ஒன்பது அடியில் கிடக்கும், அதுவும் வாசலில் இருந்து உள்ளே 8 அடிக்கு மேல் நீளமாக. மேலே ஏறிய ஏ-40 ஐந்தரை அடியில் இருந்து 11 அடி வரை நிற்கிறது. கதவைத் திறந்தால் அது காரின் கண்ணாடிக்குள்தான் போகும். ரெயிலும் மோட்டாரும் அதற்கும் பின்னே, சரியாக லிப்டின் நடுத்தலைக்கு மேலே தொங்கும்.

அண்ணன் அனுப்புகிற பெட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த நாட்டு மோட்டார் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230, 50. டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் மோட்டாரின் எலெக்ட்ரோனிக் போர்டு எரிந்தால் மாற்றுப் போர்டும் அங்கேயிருந்துதான் வரவேணும். வெளிநாட்டில் இருந்து எடுப்பது என்று முடிவு செய்தால் அவுஸ்திரேலியாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிற சொந்தக்காரரைக் கேளுங்கள், அங்கேயும் 50 ஹேர்ட்ஸ், வோல்ட்டும் நம்முடையதோடு ஒத்துவரும்.

இது சரியாக வருகிற ஒரே இடம்: கராச் நல்ல நீளம், லிப்ட் கடைசிப் பின்பக்கத்தில், முன்னால் இன்னொரு கார் நிற்கிற அளவு வெளி. அப்போது கதவு முன் காருக்கு மேலே படுத்துக்கொள்ளும், லிப்டைத் தொடாது.

## சுவரோர மோட்டாரும் உயரத் தண்டவாளமும்

கதவு அதே பலகைக் கதவுதான், இங்கே மோட்டார் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். கதவுக்கு மேலே குறுக்கே ஓடுகிற ஷாப்டை நேரே சுற்றும். சீலிங்கில் ரெயில் இல்லை, மோட்டார் பெட்டி இல்லை. வெளிநாடுகளில் லிப்ட் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் போகிறார்கள்.

ஆனால் மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ரெயில் போய்விடும், கதவு இன்னும் அதே ஒன்பது அடியில்தான் படுத்திருக்கும். இதன் முழுப் பயனும் வர, தண்டவாளத்தையும் உயர்த்த வேணும். கதவு முதலில் சுவரோடு ஒட்டி நேராக மேலே போய், கூரைக்குக் கிட்டத்தான் வளைய வேணும். அதற்குக் கதவைத் தூக்குகிற கேபிள், அது சுற்றுகிற டிரம், ஸ்பிரிங் எல்லாம் அந்த உயரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றப்படும்.

12 அடி உயரக் கராச்சில் 8 அடிக் கதவு என்று கணக்குப் போட்டால், வாசலுக்கு மேலே வளைவுக்கு ஒரு அடி விட்டு 3 அடிதான் நேராக ஏறலாம், மிச்சம் 5 அடிக் கதவு 11 அடி உயரத்தில் படுக்கும். கோண்டாவில்காரரின் 11 அடிக் கணக்கோடு இது தலையும் தலையும் முட்டுகிற மாதிரி வருகிறது. 13 அடி இருந்தால் நிம்மதி. கதவு முழுக்க நேராகவே நிற்க வேணும் என்றால் 17 அடிச் சுவர் வேணும், அது வீட்டில் நடக்காது.

முறுக்கு ஸ்பிரிங் உள்ள ஷாப்டில்தான் இது வேலை செய்யும். பக்கத்தில் நீட்டு ஸ்பிரிங் இழுக்கிற பழைய கதவுகளில் பூட்ட முடியாது. பக்கச் சுவர் ஒரு பக்கமாவது ஒரு அடிக்குக் கிட்ட வேணும். பெரும்பாலானவற்றுக்குப் பற்றரி உள்ளேயோ கூடுதலாகவோ கிடைக்கும், அவசரத்துக்கு இழுக்கக் கயிறும் இருக்கும். கேபிள் தளர்ந்தால் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று தருவார்கள், அதைப் பூட்டாமல் விட விடாதீர்கள். மோட்டார் ஷாப்டைச் சுற்றிக்கொண்டிருக்க, கதவு எங்கேயாவது சிக்கி நின்றால் கேபிள் டிரம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இதன் பலவீனம் நம்ம ஊரில் திருத்த ஆள் குறைவு என்பது. முறுக்கு ஸ்பிரிங் சாதாரணமாகப் பத்தாயிரம் தடவை ஏறி இறங்குவதற்குக் கணக்கிட்டுச் செய்யப்படுவது, உப்புக்காற்றில் துரு பிடித்தால் அதற்கு முன்னமே உடையும். அதில் தேங்கியிருக்கிற இழுவிசை கையை முறிக்கும் அளவு, பழக்கமில்லாத ஆளிடம் கொடுக்கவே கூடாது. செலவுக்குத் தயார், உயரம் இருக்கிறது, கதவு அழகாகவும் வெப்பம் தடுப்பதாகவும் இருக்க வேணும் என்கிறவருக்கு இது நல்ல தெரிவு.

## றோலர் கதவு

நம்ம ஊரில் பத்துக் கராச்சில் பெரும்பாலானவற்றுக்கு இதைத்தான் நான் சொல்லுவேன். கதவு தலைவாசலுக்கு மேலே சுருண்டு ஒரே இடத்தில் நிற்கிறது, சீலிங் முழுக்க உங்களுடையது. 8 அடிக் கதவின் சுருள் ஒன்றரை அடி உயரமும் அதே அளவு ஆழமும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது அந்த ஆழம். சுருள் எட்டில் இருந்து ஒன்பதரை அடி உயரத்தில் இருக்கிறது, மேல் காரின் உடம்பும் அதே உயரத்தில்தான் நிற்கும். ஆகவே மேல் கார் சுருளுக்குப் பின்னே நின்றாக வேணும், கராச்சின் நீளத்தில் ஒன்றரை ரெண்டு அடி போய்விடும். நல்ல விசயம், நாலு கால் லிப்டின் ஏறுபலகை தாழ்வானது, அது சுருளுக்கு நேர் கீழே வரலாம். கால்களுக்கு இடையே 14, 15 அடி, ஏறுபலகையோடு 17, 18 அடி என்பது சாதாரண அளவு. 20 அடிக் கராச்சில் இது அடங்கும், 18 அடியில் திணற வேண்டிவரும்.

18 அடிதான் இருக்கிறது என்றால் சுருளைச் சுவருக்கு வெளியே பூட்டலாம். உள்ளே ஒரு அங்குலம்கூடப் போகாது. அதற்குத் தகரப்பெட்டி அடித்து மேலே மழைக்குச் சரிவும் விடவேணும், இல்லாவிட்டால் மாரி மழையும் சோளகப் புழுதியும் நேரே சுருளுக்குள் போகும்.

இனி மோட்டார். மூன்று வகை இருக்கிறது, மூன்றும் மூன்று விதமான ஆளுக்கு.

குழாய் மோட்டார் ஷாப்டுக்குள்ளேயே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இடமே இல்லாத வாசலுக்கு இதுதான் கதி. ஆனால் தொடர்ந்து நாலு நிமிடம் அளவில் ஓடினால் சூடாகித் தானே நின்று ஆறும்வரை அசையாது. காலையில் ஒருக்கால் மாலையில் ஒருக்கால் திறக்கிற வீட்டுக்கு அது தெரியவே தெரியாது, ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிற ரிப்பேர் கராச்சுக்குத் தொல்லை. வாங்கும்போது கைப்பிடி போட்டுச் சுற்றுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். பழுதானால் சுருளையே இறக்க வேண்டிவரும்.

பக்கச் செயின் மோட்டார், கடைகளின் ஷட்டருக்குப் பூட்டுகிறது. 300 கிலோ, 500 கிலோ, 600 கிலோ என்று கதவின் பாரத்துக்கு ஏற்ப வரும். கொஞ்சம் சத்தம், பக்கத்தில் ஒரு அடிக்கு மேல் இடம் பிடிக்கும். ஆனால் ஒரு கைச்செயின் தொங்கும், கரண்ட் போனால் அதை இழுத்துத் திறந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கடைக்கடைக்கு இருப்பதால் திருத்துகிறவர்களும் பாகங்களும் இங்கேயே உண்டு. செயின் அறுந்தால் கதவு விழாமல் பிடிக்கிற பிரேக் சேர்த்துக் கேளுங்கள். விலையைக் குறைக்க முதலில் கழற்றுவது அதைத்தான்.

நடு மோட்டார், ஸ்பிரிங் உள்ள பழைய கை றோலரின் ஷாப்டில் நடுவே பூட்டுவது. சுன்னாகத் தம்பி கேட்டது இதைத்தான். முடியும், ஆனால் ஒரு சோதனை செய்த பிறகு. கதவைப் பாதி தூக்கிக் கையை மெதுவாக எடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நலம். இறங்கி ஓடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அந்தப் பாரத்தை மோட்டார் சுமந்து சீக்கிரம் தேயும். முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கரையோர வீடுகளுக்கு அலுமினியத் தகடு அல்லது நல்ல பூச்சுள்ள சிங்-அலூம் (நாகமும் அலுமினியமும் பூசிய இரும்புத் தகடு). துரு கீழ்ப்பட்டியில்தான் தொடங்கும், அதை மட்டுமாவது அலுமினியமாகக் கேளுங்கள்.

## இழுவைக் கதவும் இரட்டைக் கதவும்

சீலிங், சுருள் எதுவுமே வேண்டாம் என்றால் பக்கமாக ஓடுகிற கதவு. உயரத்தில் துளி இடம் பிடிக்காது, கேற் மோட்டாரையே பூட்டலாம், சாவி போட்டு விடுவித்தால் கையால் தள்ளலாம். வாசலின் அகலம் அளவு வெற்றுச்சுவர் ஒரு பக்கம் வேணும், அது பல வீடுகளில் இல்லை. தரை ரெயிலில் மணல் சேரும், சோளக மாதங்களில் கிழமைக்கு ஒருக்கால் கூட்ட வேணும். மேலே தொங்கி ஓடுகிற வகை இதில் மேல், தரையில் வழிகாட்டிக் கட்டை மட்டும்தான். உயரக்கூரை ஹயஸ் ஏறுகிற கராச்சுக்கு வாசலையே உயர்த்தக் கூடியது இதுதான், மேலே சுருளுக்கென்று இடம் விடத் தேவையில்லை.

இரட்டைக் கதவு வளவுக்குள்ளே தள்ளி இருக்கிற கராச்சுக்குச் சரி. ஒழுங்கை ஓரம் என்றால் வெளியே திறக்க முடியாது, உள்ளே திறந்தால் லிப்டின் ஆழத்தைத் தின்னும். சோளகக் காற்று பெரிய கதவைப் பிடித்துத் தள்ளும்போது மோட்டாரின் கை வளைந்துவிடும்.

| வகை | உயரத்தில் இழப்பு | ஆழத்தில் இழப்பு | கரண்ட் இல்லாதபோது | இங்கே திருத்த |
|---|---|---|---|---|
| சீலிங் ரெயில் | மிக அதிகம் | கதவின் முழு நீளம் | கயிறு இழுத்துக் கையால் | கடினம் |
| சுவரோர மோட்டார், உயரத் தண்டவாளம் | கொஞ்சம் | கூரையோடு 5 அடி அளவு | பற்றரி, கயிறு | கடினம் |
| றோலர், பக்கச் செயின் | இல்லை | ஒன்றரை அடி | கைச்செயின் | எளிது |
| றோலர், குழாய் மோட்டார் | இல்லை | ஒன்றரை அடி | கைப்பிடி இருந்தால் | நடுத்தரம் |
| இழுவைக் கதவு | இல்லை | இல்லை | சாவி போட்டுக் கையால் | எளிது |

## விலைப் பட்டியலில் வராத செலவுகள்

கதவு விலையைக் கேட்டுவிட்டு அதுதான் செலவு என்று இருக்கிறவர்களுக்குப் பின்னால் வருகிறவை இவை. லிண்டலுக்கு மேலே ஒன்றரை அடி சுவர் இல்லாவிட்டால் மேசன் வேலை. பக்கச் சுவர் வெறும் கல் என்றால் பிராக்கெட் பிடிக்கக் கொங்கிறீட் தூண். கராச்சுக்கு வேறு வாசல் இல்லையென்றால் ஒரு சின்னப் பக்கக் கதவு, இதை நான் கட்டாயம் என்றே சொல்லுவேன், மோட்டாரும் கைச்செயினும் உள்ளே இருக்க, நீங்கள் வெளியே நின்று ஒன்றும் செய்ய முடியாது.

மின்சாரம் தனிச் செலவு. வீட்டு லிப்டின் மோட்டார் 2.2 கிலோவாட் அளவில் இருக்கும், அதற்குத் தனி வயர் இழுக்க வேணும், கதவு மோட்டாரை அதே வயரில் கொழுவாதீர்கள். லிப்ட் ஓடத் தொடங்கும்போது வோல்ட் விழும், மாலை நேரத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கிற ஒழுங்கைகளில் கதவின் போர்டு குழம்பி நடுவழியில் நின்றுவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் போர்டுகளை எரிக்கிற காலம், சேர்ஜ் புரொடெக்டர் ஒன்று போட்டால் போர்டின் விலை மிச்சம். பெட்டியின் வயர் ஓட்டைகளைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள், பல்லியும் எறும்பும் போகிற வழி அது.

ரிமோட்டில் ஒவ்வொரு தடவையும் குறியீடு மாறுகிற வகையா என்று கேளுங்கள். மாறாத வகையைக் கடையிலேயே பிரதி எடுத்துத் தருகிறார்கள், உங்களுக்குத் தருகிறவர்கள் மற்றவருக்கும் தருவார்கள்.

## ஆக, யாருக்கு எது

கோண்டாவில்காரருக்கு: கராச் 12 அடி உயரம், 20 அடி நீளம் என்று எழுதியிருந்தீர்கள். பக்கச் செயின் மோட்டாரோடு அலுமினிய றோலர், சுருள் உள்ளே. மேல் வீட்டில் சத்தம் பொறுக்க முடியாதென்றால் கைப்பிடியுள்ள குழாய் மோட்டார். அண்ணனிடம் பெட்டி அனுப்ப வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

சுன்னாகத் தம்பிக்கு: ஸ்பிரிங் சோதனையில் தேறினால் நடு மோட்டார் போதும், இப்போதைக்கு அதற்கு மேல் செலவழிக்காதீர்கள். தேறாவிட்டால், நாள் முழுக்கத் திறந்தேதானே இருக்கிறது, ஸ்பிரிங்கை மாற்றிக் கையாலேயே விட்டு மிச்சக் காசை லிப்டின் அத்திவாரத்தில் போடுங்கள். வான்கள் எடுக்கும் எண்ணம் இருந்தால் கதவுக்கு முன்னம் கூரையைத்தான் பார்க்க வேணும்.

13 அடிக்கு மேல் உயரம், புதுக் கட்டடம், காசு பிரச்சினை இல்லை என்கிறவர்கள் சுவரோர மோட்டாருக்குப் போகலாம். பூட்டுகிறவரிடம் பிறகு பராமரிக்க வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

## எந்தக் கதவாக இருந்தாலும்

லிப்ட் மேலே இருக்கும்போது வீட்டுப் பிள்ளை ரிமோட்டை அமத்தினால் என்ன நடக்கும்? பலகைக் கதவு என்றால் காரில் மோதும். ஆகவே அப்படிக் கதவு மோதக்கூடிய கராச்சில் லிப்டின் கீழ்நிலையில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, மேடை முழுக்க இறங்கியிருந்தால் மட்டும் கதவு மோட்டாருக்கு உத்தரவு போகிற மாதிரி வயர் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த எலக்ட்ரீசியனும் செய்யக்கூடிய வேலை.

றோலருக்கு ஆபத்து வேறு பக்கத்தில். வாசலில் பூட்டுகிற ஒளிக்கண்ணை வழக்கமாகத் தரையில் இருந்து 6 அங்குலத்துக்குள் வைப்பார்கள், குழந்தையோ பூனையோ படுத்திருந்தாலும் பிடிக்க. காரின் சில்லு உள்ளே போய் வால் மட்டும் கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த ஒளி பம்பருக்கு அடியால் தடையில்லாமல் போகும், கதவு டிக்கியில் வந்து இறங்கும். லிப்டால் ஆழம் குறைந்த கராச்சில் இப்படி நிற்பது அடிக்கடி நடக்கும். ரெண்டடி உயரத்தில் இன்னொரு சோடி கண் பூட்டுங்கள். அந்த வயர்களுக்கும் லிமிட் சுவிட்சுக்கும் சேர்த்து, சுவர் பூச முன்னமே ரெண்டு பைப் விடச் சொல்லிவிடுங்கள், பூசிய பிறகு வெட்டினால் அதுவே இன்னொரு மேசன் கூலி.